இருமொழிக் கொள்கையும் ஒருமொழி வகுப்பறையும்

(திருவண்ணாமலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29. மதுரையில் ஒரு வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தான். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவன். பாடத்தைச் சரியாகப் படித்து வராததற்குத் தண்டனையாக, பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவர வேண்டும். இரண்டு முறை எழுதிவிட்டான். மூன்றாவது முறைக்கு மனம் ஒப்பவில்லை. நோட்டை மூடினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். தமிழில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு ரயிலேறினான். செப்டம்பர் 1ஆம் நாள் காலையில் அண்ணாமலையார் சந்நிதியில் வந்து நின்றான். வெங்கடராமன் என்ற அந்தப் பையனைத்தான் பின்னர் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது.

அவரை இந்த ஊருக்கு இழுத்தது மலை. ஆங்கில இலக்கணத்துக்கு அதில் பங்கு இல்லை. ஆனாலும் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கதையின் அடுத்த பகுதியையும் பார்க்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தவர் கேரளத்திலிருந்து வந்த பழனிசுவாமி. மலையாளத்தில் அத்யாத்ம ராமாயணத்தை அவர் எழுத்துக் கூட்டிச் சிரமப்பட்டுப் படிப்பதைப் பார்த்த ரமணர், தாமே மலையாள எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். தெலுங்கும் சமஸ்கிருதமும் அவருக்கு இப்படி நூல்கள் வழியாகவும் வந்துபோன அன்பர்கள் வழியாகவும் வந்து சேர்ந்தவையே. 1927இல் தமிழில் முப்பது பாடல்களாக 'உபதேச உந்தியார்' எழுதினார். அதையே சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் தம் கையாலேயே ஆக்கித் தந்தார்.

மூன்று முறை எழுதச் சொல்லியும் மனத்தில் ஒட்டாத மொழி ஒன்று. யாரும் தேர்வு வைக்காமலேயே கைவந்த மொழிகள் மூன்று. இந்த வேறுபாட்டுக்கு ரமணரின் தனித்திறன் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் பொருந்தும் காரணங்களும் அதில் இருக்கின்றன. தமிழில் ஏற்கெனவே நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அடுத்த மொழி பொருளோடு வந்தது, தேவையோடு வந்தது, பக்கத்தில் ஒரு மனிதரோடு வந்தது. இன்றைய பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி இந்த மூன்றும் இல்லாமல்தான் பெரும்பாலும் வருகிறது.

பல மொழிகள் கலந்து புழங்குவது திருவண்ணாமலைக்குப் புதிதில்லை. கன்னட நாட்டிலிருந்து ஆண்ட போசள அரசன் மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் இந்த ஊரைத் தன் தலைநகர்களில் ஒன்றாக்கிக்கொண்டான். கோயிலில் அவன் பெயரால் கோபுரம் நிற்கிறது. பிள்ளையில்லாத அவனுக்கு மாசி மாதத்தில் அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுக்கும் தீர்த்தவாரியை ஊர் இன்றும் நடத்துகிறது. ரமணாசிரமக் கூடத்தில் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் நடந்த உரையாடல்களை 1935 முதல் முனகால வெங்கடராமையா ஆங்கிலத்தில் பதிவுசெய்தார். பத்தாண்டு கழித்து அதே கூடத்தில் அமர்ந்து சூரி நாகம்மா தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். டென்மார்க்கிலிருந்து வந்த மிஷன் நிறுவிய டேனிஷ் மிஷன் பள்ளி இன்று மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. இந்த ஊரில் வாழும் தமிழாசிரியர் கே.வி. ஜெயஸ்ரீ, மலையாள நாவல் ஒன்றை 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' என்று தமிழாக்கி, 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நடந்தால் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கு காதில் விழும். அந்தப் பாதையில் டீக்கடை போட்டிருப்பவரின் பிள்ளை, தேர்வு எதுவும் எழுதாமலேயே தெலுங்கில் விலை சொல்லிச் சில்லறை கொடுக்கிறது.

அதே பிள்ளை பள்ளிக்குள் போனதும் ஊமையாகிவிடுவது ஏன் என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் கேள்வி.

தமிழ்நாட்டின் இருமொழிக் கொள்கைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயது. 1968 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் அண்ணா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், மும்மொழித் திட்டத்தைக் கைவிட்டுத் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று முடிவெடுத்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அந்த முடிவை உறுதிசெய்தது. அந்த முடிவு சரியானது, இந்த மாநிலத்துக்கு நன்மை செய்தது. ஆனால் அதில் ஒரு பாதிதான் நிறைவேறியிருக்கிறது. தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை இருக்கிறது; இருமொழிக் கல்வி இன்னும் வரவில்லை.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டு மொழிகளையும் பாடங்களாகக் கற்பிப்பது ஒன்று. இரண்டு மொழிகளிலும் பாடங்களைக் கற்பிப்பது வேறு. முன்னதில் மொழி தனக்கான பாடவேளையில் வந்துவிட்டுப் போகிறது. பின்னதில் கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் இரண்டு மொழிகளிலும் நடமாடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகள் முதல் வகையில் நின்றுவிட்டன. தமிழ்வழி என்று ஒரு குழாய், ஆங்கிலவழி என்று இன்னொரு குழாய். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சொட்டு நீரும் கசியாது.

தமிழ்வழி வகுப்பில் ஆங்கிலம் எப்படி நடக்கிறது என்பது இந்த அவையில் உள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். பாடத்தை ஆசிரியர் வரிவரியாகத் தமிழில் பெயர்த்துச் சொல்வார். கேள்வி-பதில் கரும்பலகைக்கு வரும். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தேர்வுக்கு முன் கைடு வரும். பத்தாண்டு ஆங்கிலம் படித்த பிள்ளைக்குச் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுத வராமல் போவது அதன் குறையல்ல. சொந்தமாக எழுதச் சொல்லி யாரும் அதைக் கேட்கவே இல்லை.

ஆங்கிலவழி வகுப்பிலும் நிலைமை மேலாக இல்லை. அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கின. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் ஆசிரியர் விளக்குவது தமிழில்தான். வேறு வழியும் இல்லை; ஆங்கிலத்திலேயே விளக்கினால் பிள்ளைக்குப் புரியாது. ஆனால் எழுதும்போது ஆங்கிலம். ஆகவே புரிந்தது ஒரு மொழியில், எழுதுவது மனப்பாடம் செய்த இன்னொரு மொழியில். நடுவே பாலம் இல்லை. தமிழோ வாரத்தில் சில பாடவேளைகளுக்கு ஒதுங்கிவிடுகிறது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. எந்த வகைப் பள்ளியானாலும் தமிழ்ப் பாடம் கட்டாயம் என்ற நிலையை அது ஏற்படுத்தியது பெரிய காரியம். ஆனால் தமிழில் செய்யுளும் துணைப்பாடமும் படித்த அந்தப் பிள்ளைக்கு, விண்வெளியைப் பற்றியோ வட்டிக் கணக்கைப் பற்றியோ தமிழில் ஒரு பத்தி எழுதும் பயிற்சி கிடைப்பதில்லை.

இந்த இரண்டு குழாய்களும் கல்லூரி முதலாண்டில் ஒரே தொட்டியில் வந்து விழுகின்றன. அங்கே தமிழ்வழியில் நன்றாகப் படித்துவந்த பிள்ளை வாய் திறக்க அஞ்சி உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலவழிப் பிள்ளைக்கோ பொருள் தெரியாமல் சொற்கள் மட்டும் கையிருப்பாக இருக்கின்றன. கோதவாடியின் தமிழ்வழி அரசுப் பள்ளியிலிருந்து வந்து சந்திரயான்-1 திட்ட இயக்குநரான மயில்சாமி அண்ணாதுரையை மேடைதோறும் எடுத்துக்காட்டுவது வழக்கம். தமிழில் அறிவியல் படித்தவர் நிலவுக்குக் கலம் அனுப்ப முடியும் என்பதற்கு அவர் உறுதியான சான்று. அந்தச் சான்றை ஏற்பவர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அதே போன்ற பள்ளிகளிலிருந்து அதே அளவு ஆர்வத்தோடு கிளம்பி, முதல் பருவத் தேர்வில் ஆங்கிலப் பாடநூலின் முன் தோற்றுத் திரும்பியவர்களைப் பள்ளி ஏன் அந்தத் திருப்பத்துக்கு ஆயத்தப்படுத்தி அனுப்பவில்லை?

இரண்டு மொழிகள் குழந்தையைக் குழப்பிவிடும் என்ற அச்சம் பழையது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாட்டு உளவியலாளர் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். 1962இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவர் மான்ட்ரியல் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. பிரெஞ்சும் ஆங்கிலமும் சமமாக அறிந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட அறிவுத்திறன் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். இருமொழியாளரின் மூளை கூர்மையானது என்று அதற்குப் பின் வந்த பெரிய வாதங்களில் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. அந்த வாதம் இங்கே தேவையும் இல்லை. குழப்பம் வராது என்பது தெளிவானாலே போதும்.

வகுப்பறைக்கு அதிகம் உதவுவது கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்து. பேச்சுமொழித் திறன் வேறு, பாடமொழித் திறன் வேறு என்றார் அவர். விளையாட்டிலும் கடையிலும் புழங்கும் பேச்சு சுமார் இரண்டாண்டில் வந்துவிடும். காரணம் சொல்லவும் ஒப்பிடவும் விவாதிக்கவும் தேவைப்படும் மொழி வருவதற்கு ஐந்து முதல் ஏழாண்டுகள் ஆகலாம். ஆனால் இந்த இரண்டாவது திறன் ஒரு மொழியில் வேர் பிடித்துவிட்டால், அடுத்த மொழிக்கு அது தானாகவே கடக்கும். பத்தியின் மையக் கருத்தைத் தமிழில் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளை அதை ஆங்கிலத்தில் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை; அதற்கு வேண்டியவை புதிய சொற்கள் மட்டுமே.

எழுத்திலும் இதே உண்மை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. 247 எழுத்துகள் என்று எண்ணிக்கை மிரட்டினாலும், உயிரும் மெய்யும் சேரும் முறை பிடிபட்டதும் குழந்தை எந்தச் சொல்லையும் கூட்டிப் படித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தரும், ஸ்பெல்லிங் என்று ஒவ்வொரு சொல்லையும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். படிப்பது என்றால் என்ன என்ற அடிப்படை உண்மையை ஒழுங்கான எழுத்தில் முதலில் கண்டுகொண்ட குழந்தைக்கு, ஒழுங்கற்ற எழுத்தைப் பிறகு சமாளிக்கும் துணிவு வருகிறது. வரிசையை மாற்றினால் இரண்டுமே தாமதமாகும்.

சொற்களைப் பார்த்தால் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதன் பயன் இன்னும் தெளிவாகும். ஐசாசிலஸ் டிரையாங்கிள் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதன் இலக்கணத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. இருசமபக்க முக்கோணம் என்ற பெயரிலேயே இலக்கணம் அடங்கியிருக்கிறது. கிரேக்கர்களுக்கு ஐசாசிலஸ் என்றால் சமமான கால்கள் என்று பொருள். தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் வெறும் ஒலி. பிரைம் நம்பர் என்பதைவிடப் பகா எண் என்பது தன்னைத்தானே விளக்கிக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைப் பிரித்தால் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. போட்டோசிந்தசிஸ் என்பதற்கும் கிரேக்கத்தில் அதே பொருள்தான். இரண்டையும் ஒருசேரக் காட்டினால் தமிழ்ச் சொல் பொருளைத் தரும், ஆங்கிலச் சொல் உலக நூலகத்தின் கதவைத் திறக்கும். எல்லாத் தமிழ்க் கலைச்சொற்களும் இப்படி எளியவை என்று சொல்லிவிட முடியாது. நொதி என்ற சொல் பல பிள்ளைகளுக்கு என்சைம் அளவுக்கே புதியது. அப்படிப்பட்ட இடங்களிலும் இரண்டு சொற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

இந்த வழியைத் தமிழர்கள் இன்றுதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. 1823இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலமும் மேலை அறிவியலும் தமிழிலக்கியமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அந்த மிஷன் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த இருமொழி இதழ். செமினறியில் படித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். ஆங்கிலக் கல்வி அவர்களைத் தமிழிலிருந்து பிரித்ததா என்றால், இல்லை. விசுவநாத பிள்ளை 'வீசகணிதம்' என்று அட்சரகணித நூலைத் தமிழில் எழுதினார். தாமோதரம் பிள்ளை ஏடுகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஐரோப்பிய முறையில் பயின்ற கூர்மையும் தமிழ் மரபில் ஊறிய அறிவும் ஒரே மனிதரிடம் கூடியதால் நடந்த பணி அது.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இன்னொரு படி முன்னே போனார். 1848இல் அங்கே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியபோது அவர் கையாண்டது ஆங்கிலம். பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, 1864 முதல் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலும் மகப்பேறு மருத்துவமும் அறுவை மருத்துவமும் வேதியியலும் அவரும் மாணவர்களும் சேர்ந்து உழைத்ததால் தமிழ் நூல்களாயின. அவரிடம் பயின்று மருத்துவர் ஆனவர்கள் 60 பேருக்கும் மேல். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் தமிழ் கற்றுத் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுக்க முடிந்தது என்றால், மொழியின் போதாமை என்ற சாக்குக்கு இடமே இல்லை.

தற்காலத்தில் நைஜீரியாவின் இஃபே நகரில் 1970இல் தொடங்கிய சோதனை கவனத்துக்கு உரியது. கல்வியாளர் பாப்ஸ் ஃபாஃபுன்வா தலைமையில் ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகள் முழுக்க யொரூபா மொழியில் பாடம் நடந்தது. ஆங்கிலத்தை அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தனிப் பாடமாகக் கற்பித்தார். மூன்றாண்டுகளிலேயே ஆங்கிலவழிக்கு மாறிய பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, இவர்கள் ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. மற்றப் பாடங்களில் முந்தினார்கள். ஒடிசா 2007இல் சந்தாலி, சவரா, குயி, கோயா முதலான பத்துப் பழங்குடி மொழிகளில் 195 பள்ளிகளில் தாய்மொழியிலிருந்து ஒடியாவுக்கும் பிறகு ஆங்கிலத்துக்கும் ஏறும் படிக்கட்டைக் கட்டத் தொடங்கியது.

ஒடிசாவின் அனுபவம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் உள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழே என்றாலும், பாடநூலின் செந்தமிழ் அவர்களுக்குத் தொலைவு. நரிக்குறவர் வீடுகளில் புழங்குவது வாக்ரிபோலி. உருதும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நகரத்துக்குள்ளேயே உண்டு. இவர்களில் பலருக்குத் தமிழே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லிவருகிறது. கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. முதல் வகுப்பில் அந்தப் பிள்ளையின் வீட்டுச் சொல்லை ஆசிரியர் கேட்டு வாங்கிக் கரும்பலகையில் எழுதினால், அந்தக் குழந்தை தமிழுக்குள் வருவதற்கான முதல் படி அங்கேயே கிடைத்துவிடும்.

சிங்கப்பூரைப் பாராட்டோடும் எச்சரிக்கையோடும் பார்க்க வேண்டும். 1966 முதல் இரண்டாம் மொழி கட்டாயம், 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் பயிற்றுமொழி. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழாசிரியர்களுக்கு மதிப்பும் பயிற்சியும் உண்டு. ஆனாலும் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோரின் பங்கு 2010 மக்கள்தொகைக் கணக்கில் 3.3 விழுக்காடாக இருந்து 2020இல் 2.5 ஆகக் குறைந்தது. ஒரு மொழி பாடமாக மட்டும் மிஞ்சினால் அது வீட்டிலும் மெலியும் என்பதற்கு இந்த எண்கள் சாட்சி. தமிழ்நாட்டின் ஆங்கிலவழிப் பள்ளிகளும் அந்தத் திசையில்தான் நடந்துகொண்டிருக்கின்றன.

பெற்றோர் ஆங்கிலத்தைத்தானே கேட்கிறார்கள் என்ற மறுப்புக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கீரை விற்றுப் பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பும் தாய் ஏமாந்துபோனவர் இல்லை. வேலையும் மதிப்பும் எந்த மொழியின் வாசலில் நிற்கின்றன என்பதை அவர் தம் வாழ்க்கையிலிருந்து கற்றிருக்கிறார். தாய்மொழிப் பயிற்றுமொழியைப் பெற்றோர் மீது அரசு திணிக்க முடியாது என்று 2014 மே மாதம் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே கட்டளையிட்டு ஆகப்போவது எதுவும் இல்லை. தமிழை விடாமலே ஆங்கிலம் நன்றாக வரும் என்று ஒரு பள்ளி செய்து காட்டினால் அந்தத் தாயே அதைத் தேர்ந்தெடுப்பார். திருவண்ணாமலைக்கு அருகிலேயே 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளை நடத்தும் மருதம் பண்ணைப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூர், வெளிநாட்டுக் குடும்பப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். அங்கே தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே புழங்குமொழிகள். அது சிறிய பள்ளி. பெரிய அரசுப் பள்ளிக்கு அதை அப்படியே பெயர்த்துவிட முடியாது. ஆனால் கிராமத்துப் பிள்ளையின் தமிழ் ஒரு குறையாக இல்லாமல், பக்கத்துப் பிள்ளை கற்க வேண்டிய செல்வமாக மாறும் இடம் அது.

பெரிய அளவில் செய்தவர்கள் பக்கத்து மாநிலத்தார். ஆந்திரத்தில் தெலுங்குவழியை நீக்கி ஆங்கிலவழியைக் கட்டாயமாக்க 2019இல் அரசு ஆணையிட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. அந்தச் சர்ச்சைக்கு நடுவே பயனுள்ள ஒன்று பிறந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் அதே பாடம் தெலுங்கில் என்று அச்சிட்ட இருமொழிப் பாடநூல். தெலங்கானாவும் 2022-23இல் அந்த வழிக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக எழுத வேண்டியது கூட இல்லை. ஒரே பாடத்திட்டத்தில் தமிழ்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் தனித்தனியே தயாராக இருக்கின்றன. எதிரெதிர்ப் பக்கங்களில் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

மொழிபெயர்ப்பில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 நீட் தேர்வு காட்டியது. தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக இருந்தன என்று தொடுத்த வழக்கில், தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் பின்னர் அதை நீக்கிவிட்டது. மாணவர்கள் பட்ட அலைக்கழிப்பை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. பாடநூலிலும் வினாத்தாளிலும் ஒரே கலைச்சொல் இருக்க வேண்டும், அதைப் பாட ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்ற எளிய விதியை அந்த ஆண்டு விலைகொடுத்துக் கற்பித்தது.

ஆசிரியர்கள் எங்கே என்பது கடினமான கேள்வி. வகுப்பறையில் இரண்டு மொழிகளையும் கலந்து பேசும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. குற்றவுணர்வோடு, திட்டமில்லாமல் இருக்கிறது. அதைத் திட்டத்தோடு செய்வதற்கு வேல்ஸ் நாட்டார் ஒரு முறை வகுத்தார்கள். கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994இல் அதற்குப் பெயரும் வைத்தார். ஒரு மொழியில் படி, மற்றொரு மொழியில் எழுது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் உள்ள பத்தியைப் படித்த மாணவன் வெல்ஷ் மொழியில் அதன் சுருக்கத்தை எழுதுவான், அடுத்த வாரம் மொழிகள் இடம் மாறும். பார்த்து எழுதி இதைச் செய்ய முடியாது, புரிந்தால்தான் முடியும். கீழ்பென்னாத்தூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இந்த ஒரு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சி தந்தால், எந்த அரசாணைக்கும் காத்திருக்காமல் மாவட்டத்தில் வேலை தொடங்கிவிடும்.

அரசாணை தேவைப்படும் இடங்களும் உண்டு. பொதுத்தேர்வு வினாத்தாள் இன்றே தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்துதான் அச்சாகிறது. வினாவுக்கு இரண்டு மொழி இருக்கும்போது விடைக்கு மட்டும் ஒரே மொழி என்ற கட்டு தேவையா? சில வினாக்களுக்கேனும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று திறந்துவிடலாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், 2020 திருத்தத்துக்குப் பின் பள்ளிக் காலத்திலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. இருமொழி வகுப்பில் படித்த கிராமத்துப் பிள்ளை அந்த உரிமையை இழந்துவிடக் கூடாது. இருமொழிப் பிரிவு தொடங்கும் நாளிலேயே அதன் தகுதியைச் சட்டத்தில் தெளிவாக்கிவிட வேண்டும். வகுப்பு வாரியான படியும் எளியதே. மூன்றாம் வகுப்பு வரை படிப்பும் எழுத்தும் தமிழில் ஊன்றட்டும். ஆங்கிலம் காதுக்கும் வாய்க்கும் பாட்டாகவும் விளையாட்டாகவும் கதையாகவும் வரட்டும். நான்கிலும் ஐந்திலும் ஆங்கில வாசிப்பு. ஆறு முதல் கணக்கும் அறிவியலும் எதிரெதிர்ப் பக்கங்களில். ஒன்பதில் பிள்ளை எந்த மொழியில் புத்தகத்தைத் திறந்தாலும் தடுமாறாத நிலை.

இதைத் தொடங்க வரும் ஜூன் மாதத்தில், இந்த ஊரில், ஒரு பள்ளியின் ஓர் ஆறாம் வகுப்பு போதும். பாடப்பொருளுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அதில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கித் தென்கிழக்கில் அக்னி, தெற்கில் எமன், தென்மேற்கில் நிருதி, மேற்கில் வருணன், வடமேற்கில் வாயு, வடக்கில் குபேரன், வடகிழக்கில் ஈசானியம் என்று அந்தப் பாதை முழுவதும் பிள்ளைகளின் காலுக்கும் மனத்துக்கும் பழகியிருக்கிறது. ஆளுக்கு ஒரு நோட்டு. இடப்பக்கத்தில் வரைபடம் போட்டுத் திசைகளையும் தூரத்தையும் தமிழில் எழுதட்டும். எந்த லிங்கத்திலிருந்து எந்த லிங்கத்துக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று கணக்கிடட்டும். வலப்பக்கத்தில், முதன்முறையாக இந்த ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு வழி சொல்வதாக அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். கேட்பவர் இருக்கிறார், சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது, சொல்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வலப்பக்கத்தில் வரும் பிழைகளைச் சிவப்பு மையால் அடிக்காமல், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இடப்பக்கத்தைக் காட்டித் திருத்தும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். அந்த ஆசிரியர்களில் சிலர் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.